பெயர் தெரியாத மீன்

ஒரு பொருளின் பெயரை அறிதல் சிறு செயல் போலத் தோன்றும். உண்மையில் அறிவின் வாயில் அதுவே. வயல் வரப்பில் முளைத்த ஒரு பூண்டின் பெயர் தெரிந்தால், அது மருந்தா நஞ்சா, களையா பயிரா என்பதை நூல்களிலிருந்தும் பெரியோரிடமிருந்தும் தெரிந்துகொள்ளலாம். பெயர் தெரியாவிடின், முன்னோர் பாடுபட்டுத் தேடிவைத்த அறிவு முழுவதும் நமக்குப் பூட்டிய பெட்டியாகவே கிடக்கும். ஆயினும், பெயரை ஊகித்துக்கொள்வது வேறு. துணிந்து அறிவது வேறு. முன்னதற்குக் கண் ஒன்றே போதும். பின்னதற்குப் பொறுமையும் முறையும் வேண்டும். இவ்வேற்றுமையை ஒரு சிறு மீனைக் கொண்டு இன்று உங்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

நான் வாழும் சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்த சமவெளியில் உள்ள ஊர். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் பெருநகரங்களோடு நின்றுவிடாமல் எங்கள் ஊர் வரையிலும் பரவியிருக்கின்றது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்பதனால், மாணவர் சிலர் இன்றும் என்னிடம் ஐயம் கேட்க வருவதுண்டு. அவ்வாறு வந்த பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர், தம் வீட்டுத் தொட்டியில் உள்ள மீன்களை வந்து பார்க்குமாறு என்னை அழைத்தார்.

நான்கடி நீளத் தொட்டி அது. அதில் ஆறு மீன்கள் இருந்தன. "எல்லாம் ஆப்பிரிக்க சிக்லிட்" என்று சொல்லிக் கடையில் கலவையாகக் கொடுத்தார்களாம். வாங்கியபோது விரல் நுனியளவே இருந்த குஞ்சுகள் அவை. இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், இரண்டு சாம்பல் நிறம். சாம்பல் நிறக் குஞ்சுகள் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்தன. அவற்றுள் ஒன்று கறுத்துப்போய், தொட்டியின் மணலை வாயால் அள்ளி அள்ளிக் குழி பறித்து, அருகில் வந்த மீன்களையெல்லாம் துரத்தியது.

"ஐயா, இது என்ன மீன் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற மீன்களைக் கடிக்கிறது. ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடு என்று அப்பா சொல்கிறார். விடலாமா?" என்று அவர் கேட்டார்.

கேள்வி எளியது, ஆனால் விடை எளியதன்று. கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எங்கள் பகுதி ஏரிகளை நிரப்புகின்றன; மிகுந்த நீர் காவிரியை நோக்கிச் செல்கின்றது. ஓர் ஏரியில் விட்ட மீன் அந்த ஏரியின் மீனாக மட்டும் இருந்துவிடாது. ஆகவே, அந்த மீன் இன்னதென்று துணியும் வரையில் அதைத் தொட்டியிலேயே வைத்திருக்கும்படி சொன்னேன். அதன்பின் நாங்கள் இருவரும் சில வாரங்கள் மேற்கொண்ட ஆராய்ச்சியின் படிகளை வரிசையாகக் கூறுகின்றேன்.

முதலில் நாங்கள் செய்த காரியம் நிறத்தை மறந்ததுதான். மீனை அறிய விரும்புவோர் முதலில் காண்பது நிறம். முதலில் ஏமாற்றுவதும் அதுவே. அத்தொட்டியிலிருந்த மஞ்சள் மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகுத் துடுப்பின் ஓரமாகக் கரிய கோடு ஒன்று ஓடியது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் அவ்வினத்திற்கு 1956-இல் பிரையர் என்னும் ஆராய்ச்சியாளர் லாபிடோகுரோமிஸ் செருலியஸ் என்று பெயரிட்டார். செருலியஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'நீலமானது' என்பது பொருள்! அவர் ஆராய்ந்த மீன்கள் நீலச் சாயல் உடையவை. அதே ஏரியில் வேறோரிடத்தில் அதே இனம் மஞ்சளாக இருக்கின்றது. அந்த மஞ்சள் வகையே உலகெங்கும் தொட்டிகளில் பரவியது. பெயரோ நீலம், மீனோ மஞ்சள்.

நீல மீன்களின் கதை இதனினும் வேடிக்கையானது. அவையும் மலாவி ஏரியினவே. கடைக்காரர் 'கென்யி' என்று வழங்குவர். இவ்வினத்தில் குஞ்சுகளும் பெண் மீன்களும் நீலமாக, குறுக்குப் பட்டைகளுடன் இருக்கும். ஆண் மீனோ வளர வளர மஞ்சளாக மாறிவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே இரண்டு நீல மீன்களுள் ஒன்று வெளிறி மஞ்சள் காட்டத் தொடங்கியது. நிறத்தை நம்பிப் பிரித்திருந்தால், ஓர் இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாக்கி, அந்த ஆணை வேறோர் இனத்தோடு சேர்த்திருப்போம். நிறம் வயதோடு மாறும், பாலோடு மாறும், பருவத்தோடு மாறும், அச்சத்தினாலும் சினத்தினாலும் நொடிப்பொழுதில் மாறும். ஆகவே, மாறாத அடையாளங்களையே தேடவேண்டும்.

அடுத்த கேள்வி: சாம்பல் நிற மீன் உண்மையிலேயே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததா? கடைக்காரர் சொன்னார் என்பது சான்றாகாது. இக்குடும்பத்தை அறிய இரண்டு நல்ல அடையாளங்கள் உண்டு. ஒன்று மூக்கு. பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நாசித்துளைகள் இருக்கும்; சிக்லிட் குடும்பத்திற்குப் பக்கத்திற்கு ஒன்றே. மற்றொன்று பக்கக்கோடு. மீனின் விலாவில், செவுள் மூடியின் பின்னிருந்து வால்வரையில் சிறு துளைகள் வரிசையாக அமைந்த ஒரு கோட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீரின் அசைவை உணரும் பொறி அது. பெரும்பாலான மீன்களில் அது தொடர்ந்து செல்லும். சிக்லிட் மீன்களிலோ, முன்பாதி மேலே ஓடி நின்றுவிடும். பின்பாதி சற்றுக் கீழே இறங்கி, வாலின் நடுவே மீண்டும் தொடங்கும். அறுந்துபோன நூலின் இரு துண்டுகள் போல அது காணப்படும்.

ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் பக்கக்கோடு அறுந்தே இருக்கும். ஆனால் அதற்கு நாசித்துளைகள் பக்கத்திற்கு இரண்டு. பவழப் பாறைகளிடையே வாழும் சில கடல்மீன்களுக்கு நாசித்துளை ஒன்றே; ஆனால் அவை நன்னீரில் வாழ்வன அல்ல. இரு சான்றுகள் ஒத்துவந்தால்தான் தீர்ப்பு உறுதியாகும். உருப்பெருக்குக் கண்ணாடியைத் தொட்டியின் சுவரில் வைத்துப் பார்த்தபோது இரண்டு அடையாளங்களும் சாம்பல் மீனிடம் தெளிவாகத் தெரிந்தன. குடும்பம் சிக்லிட் என்பதில் ஐயமில்லை.

ஆனால் எந்த நாட்டுச் சிக்லிட்? இக்குடும்பம் ஆப்பிரிக்காவிலும், தென், மத்திய அமெரிக்காவிலும், மடகாஸ்கர் தீவிலும் பரவியிருக்கின்றது. இந்தியாவுக்கே உரிய சிக்லிட்களும் உண்டு என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அவை மூன்று இனங்கள். கேரளத்தார் கரிமீன் என்று போற்றி உண்ணும் மீன் அவற்றுள் தலையாயது. 2010-இல் அதனைக் கேரளம் தன் மாநில மீனாகவும் அறிவித்தது. தமிழகக் கடற்கரையின் உப்பங்கழிகளிலும் அது வாழ்கின்றது. பெர்லின் நகர மருத்துவராகிய பிளோக் என்பார் 1790-இல் இம்மீனை முதன்முதலாக நூலில் விவரித்தபோது, தட்டையான அதன் உருவத்தைக் கண்டு, கடலில் வாழும் பட்டாம்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். பிற்காலத்து ஆராய்ச்சியாளரே அதனை உரிய இடத்தில் வைத்தனர்.

இந்தியச் சிக்லிட்டையும் ஆப்பிரிக்கச் சிக்லிட்டையும் பிரித்தறிய எளிய கணக்கு ஒன்று இருக்கின்றது. மீனின் அடிப்புறத்தில், மலத்துளைக்குப் பின்னே, வாலுக்கு முன்னே ஒரு துடுப்பு உண்டு. அதனைக் குதத் துடுப்பு என்பர். அதன் முன்பகுதியில் கூரிய முட்கள் இருக்கும். பின்பகுதியில் மெல்லிய கதிர்கள் இருக்கும். முள் கெட்டியானது, கிளை விடாதது; கதிர் வளைவது, கணுக்கணுவாய் நுனியில் கிளைப்பது. கரிமீனின் குதத் துடுப்பில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று முட்கள் உள்ளன. ஆப்பிரிக்கச் சிக்லிட்களில் மிகப்பெரும்பாலானவற்றிற்கு மூன்றே முட்கள். தாங்கனிக்கா ஏரியின் ஒரு பிரிவினுக்கு மட்டும் அவை நான்கும் அதற்கு மேலும் இருக்கும்.

உயிருள்ள மீனின் முட்களை எண்ணுவது எவ்வாறு? மீனைக் கையில் பிடித்துத் துன்புறுத்த வேண்டுவதில்லை. ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டி ஒன்றில் நீர் நிரப்பி, அதில் மீனைச் சில நிமிடங்கள் விட்டால், அது திரும்ப இடமின்றிப் பக்கவாட்டில் நிற்கும், துடுப்புகளையும் விரிக்கும். அப்பொழுது ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிதானமாக எண்ணலாம். மாணவர் தம் தமையனாரின் கைப்பேசியில் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். எண்ணிப் பார்த்தோம். குதத் துடுப்பில் முட்கள் மூன்று. முதுகுத் துடுப்பில் பதினாறு. கரிமீனின் முதுகுத் துடுப்பில் பதினெட்டு அல்லது பத்தொன்பது இருத்தல் வேண்டும். ஆகவே, நம் நாட்டு மீன் அன்று என்பது தெளிவாயிற்று.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். அக்கண்டத்தின் கிழக்குப் பகுதியில் மூன்று பேரேரிகள் உள்ளன. தாங்கனிக்கா ஏரியின் பெரும் ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். மலாவி ஏரியின் ஆழம் ஏறத்தாழ 700 மீட்டர். விக்டோரியா ஏரி பரப்பில் பெரியதாயினும் ஆழம் 80 மீட்டர் அளவே. இம்மூன்று ஏரிகளிலும் சிக்லிட் மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகியிருக்கின்றன. அவற்றுள் மிகப்பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பது ஓர் இனம். நத்தையை நொறுக்குவது ஓர் இனம். பிற மீன்களின் செதில்களைக் கடித்துத் தின்பதும் ஓர் இனம். தொழிலுக்கேற்பப் பல்லும் தாடையும் அமைந்துள்ளன.

மற்றொரு வியப்பும் இங்கே உண்டு. தாங்கனிக்கா ஏரியில் நெற்றி புடைத்த மீன் ஒன்று வாழ்கின்றது. மலாவி ஏரியிலும் நெற்றி புடைத்த மீன் ஒன்று வாழ்கின்றது. இரண்டையும் ஒருங்கே பார்ப்போர் உடன்பிறந்தவை என்றே கருதுவர். ஆனால் அவை நெருங்கிய உறவினர் அல்ல. வெவ்வேறு வழியில் வந்து, ஒரே தோற்றத்தை அடைந்தவை. ஒத்த தோற்றம் ஒத்த குலத்திற்குச் சான்றாகாது. இதனாலேயே ஆப்பிரிக்கச் சிக்லிட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லுதல் மிகவும் ஆபத்தானது. தொட்டிகளில் வெவ்வேறு இனங்கள் ஒன்றோடொன்று கலந்து ஈன்ற கலப்பினங்களும் விற்பனைக்கு வருவதால், ஒரு பெயரிலும் அடங்காத மீன்களும் உண்டு. நம்முடைய மீனுக்கு ஒரு பெயர் கிடைத்தே தீரும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வதும் தவறு.

ஆனால் எங்கள் சாம்பல் மீனிடம் ஒரு சிறப்பு அடையாளம் இருந்தது. குஞ்சாக இருந்தபோது, அதன் முதுகுத் துடுப்பின் மென்கதிர்ப் பகுதியின் அடியில் ஒரு கரும்புள்ளி இருந்ததாக மாணவர் கூறினார். அக்காலத்தில் எடுத்த படமும் வைத்திருந்தார். அப்புள்ளிக்கு ஆராய்ச்சியாளர் 'திலேப்பியாப் புள்ளி' என்றே பெயரிட்டுள்ளனர். பேரேரிகளின் பாறை மீன்களிலிருந்து பிரிந்து, ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் ஏரிகளிலும் பரவி வாழும் திலேப்பியாக் கூட்டத்தின் குஞ்சுகளுக்கு உரிய முத்திரை அது.

திலேப்பியாக்களுள்ளும் பல இனங்கள் உண்டு. இங்கே உடலமைப்போடு ஒழுக்கமும் நமக்குத் துணைவருகின்றது. ஒரு நாள் மாணவர் பரபரப்போடு வந்து, வெளிறிய சாம்பல் மீன் மூன்று நாட்களாக இரையெடுக்கவில்லை, தாடை வீங்கியிருக்கின்றது, நோயாக இருக்குமோ என்று கேட்டார். சென்று பார்த்தேன். வீங்கிய வாயினுள் மஞ்சள் நிற முட்டைகள் புரண்டுகொண்டிருந்தன. கறுத்த மீன் ஆண். அது பறித்த குழி, இணைசேரும் மேடை. வெளிறிய மீன் பெண். இரண்டு வேறு இனங்கள் என்று அதுவரை மாணவர் எண்ணியிருந்தவை கணவனும் மனைவியுமாகவே முடிந்தன.

முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் இவ்வழக்கம் வகைப்பாட்டிற்கே அடிப்படையாயிற்று என்பதை உயிரியல் பயிலும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் பணியாற்றிய எத்தெல்வின் திரேவாவஸ் அம்மையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மீன்களின் ஆராய்ச்சிக்கே அளித்தவர். 1983-இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இக்கூட்டத்தைத் தெளிவாகப் பகுத்தது. நிலத்தில் முட்டையிட்டுக் காப்பவை திலேப்பியா. தந்தையோ பெற்றோர் இருவருமோ வாயில் காப்பவை சாரோதெரோடன். தாய் மட்டும் வாயில் காப்பவை ஓரியோகுரோமிஸ். எங்கள் தொட்டியில் காத்தவள் தாய். ஆகவே, பேரினம் ஓரியோகுரோமிஸ்.

எஞ்சியது இனப்பெயர். இப்பேரினத்துள் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று நைல் ஆற்றின் பெயர் பெற்ற நைல் திலேப்பியா. அதன் வால்துடுப்பில் மேலிருந்து கீழாக ஒழுங்கான கோடுகள் இருக்கும். மற்றொன்று மொசாம்பிக் திலேப்பியா. அதன் வாலில் அத்தகைய ஒழுங்கான கோடுகள் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆண் கறுத்து, தொண்டை மட்டும் வெண்மையாகி, முதுகுத் துடுப்பின் ஓரமும் வாலின் ஓரமும் செந்நிறம் பெறும். எங்கள் மீனின் வாலில் கோடுகள் இல்லை. கருமையும் வெண்தொண்டையும் செவ்வோரமும் இருந்தன. எங்கள் ஏரியில் பிடிபட்ட மீன் ஒன்றை வாங்கிவந்து, தட்டில் வைத்து, ஊசியால் துடுப்பை விரித்து, முட்களை எண்ணி ஒவ்வோர் அடையாளமாக ஒப்பிட்டோம். எல்லாம் ஒத்துவந்தன.

அவ்வாறு ஒப்பிட்ட ஏரி மீன் எது தெரியுமா? நம் ஊர்ச் சந்தையில் கூறு கட்டி விற்கும் ஜிலேபிக் கெண்டை! எங்கிருந்தோ வந்த அரிய மீன் என்று கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காசு கொடுத்து வளர்த்ததும், ஏரியில் வலை போட்டு அள்ளுவதும் ஒரே இனம். மாணவர் சற்று ஏமாற்றம் அடைந்தார். நானோ, பாடம் இங்கேதான் தொடங்குகின்றது என்று அவரிடம் சொன்னேன்.

என் சிறுவயதில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிணறுகளில் தூண்டில் போட்டால் முதலில் சிக்குவது ஜிலேபிக் கெண்டைதான். விராலையும் கெளுத்தியையும் போல அதுவும் நம் நாட்டு மீன் என்றே ஊரார் எண்ணினர். ஆனால் அது கெண்டையும் அன்று, நம் நாட்டதும் அன்று. கெண்டைக்குத் தாடையில் பல் இல்லை. முதுகுத் துடுப்பில் இத்தகைய நீண்ட முள்வரிசையும் இல்லை. 'திலேப்பியா' என்பது, மீனைக் குறிக்கும் தென்னாப்பிரிக்கச் சொல் ஒன்றிலிருந்து 1840-இல் ஆக்கப்பட்ட பெயர். அது தமிழர் நாவில் புரண்டு 'ஜிலேபி' ஆயிற்று என்று தோன்றுகின்றது.

இம்மீன் நம்மிடம் வந்த வரலாற்றைக் கேளுங்கள். பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மொசாம்பிக் நாட்டில் சேகரித்த மீன்களைக் கொண்டு 1852-இல் இதற்குப் பெயரிட்டார். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளும் கழிமுகங்களுமே இதன் தாயகம். 1939-இல், இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், ஜாவாத் தீவின் தெற்கே ஓர் ஆற்று முகத்துவாரத்தில், முஜைர் என்பவர் இம்மீனைக் கண்டெடுத்துக் குளத்தில் வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் இம்மீனுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா எங்கும் அது பரவியது. 1952-இல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் வளர்க்கப்பட்டது. விடுதலை பெற்ற நாட்டில் ஏழை மக்களுக்குப் புரத உணவு குறைந்த விலையில் கிடைக்கவேண்டும் என்னும் நன்னோக்கமே அதற்குக் காரணம். குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் அதன் குஞ்சுகள் விடப்பட்டன.

நோக்கம் நன்று, விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. இரண்டு மூன்று திங்களில் முதிர்ந்து, ஓராண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும் மீன் இது. தாயின் வாய்க்குள் முட்டைகள் காவல் பெறுகின்றன. பொரித்த குஞ்சுகளும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிகின்றன. ஆகவே, நம் கெண்டைகள் இடும் ஆயிரக்கணக்கான முட்டைகளுள் பிழைப்பவை மிகச் சிலவாக, இதன் நூற்றுக்கணக்கான முட்டைகளுள் பெரும்பாலானவை பிழைக்கின்றன. கூட்டம் பெருகப் பெருக இரை போதாமல் மீன்கள் சிறுத்துப்போகின்றன. சிறுத்த மீனுக்கு விலை இல்லை. ஆனால் அது உண்ணும் இரையும், பறிக்கும் இடமும் பிற மீன்களுக்கு உரியவை. நன்னீரில் வாழும், உவர்நீரிலும் வாழும், கடல்நீரையும் தாங்கும். 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதனைப் பரப்புதலாகாது என்று தடை விதித்தது. அப்பொழுது காலம் கடந்துவிட்டது. அமராவதி முதலிய நீர்த்தேக்கங்களில் வலையில் விழும் மீன்களுள் பெரும்பங்கு இதுவே ஆயிற்று. ஏழே ஆண்டுகள்! விட்டவர்கள் தடை செய்ய முடிந்தது; விட்ட மீனைத் திரும்ப அழைக்க முடியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு கூறவேண்டும். இம்மீன் இன்று பல குடும்பங்களின் குழம்புச் சட்டியில் இடம்பெறும் மலிவான உணவு; ஏரியில் குத்தகை எடுத்த மீனவர்க்கு அது வருவாய். 1988-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கிய முயற்சியால் விரைந்து வளரும்படி மேம்படுத்தப்பட்ட நைல் திலேப்பியா வகை, நம் நாட்டிலும் அரசின் நெறிமுறைகளுக்கு உட்பட்டுப் பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றது. வேலியிட்ட பண்ணையில் அறிந்து வளர்ப்பது வேறு. பெயர் அறியாத மீனை ஊர்ப் பொது ஏரியில் கவிழ்த்துவிடுவது வேறு.

உலகின் தீய அயல் உயிரினங்கள் நூறு என்று வல்லுநர் தொகுத்த பட்டியலில் மொசாம்பிக் திலேப்பியா இடம்பெற்றிருக்கின்றது. ஆனால் அதன் தாயகத்து ஆறுகளில் நிலைமை வேறு. அங்கே கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலேப்பியா அதனோடு கலந்து, தூய இனம் குறைந்துவருவதால், அழிவை நோக்கும் இனங்களின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. நம் ஏரியில் ஆக்கிரமிப்பாளன். தன் ஆற்றில் அகதி! இரு நிலைக்கும் காரணம் மீன் அன்று. இடம் மாற்றிய மனிதனே. விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீனால், பிற காரணங்களும் சேர, ஏறத்தாழ இருநூறு சிக்லிட் இனங்கள் மறைந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர்.

"ஏரியில்தான் இந்த இனம் ஏற்கெனவே இருக்கின்றதே, ஐயா, இன்னும் இரண்டை விட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. மூன்று விடைகள் கூறினேன். முதலாவது, வெளித்தோற்றத்தால் நாம் கண்ட முடிவு இனத்தைச் சொல்லும். அதன் முன்னோர் வழியில் நைல் திலேப்பியாவின் கலப்பு உண்டா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல இயலாது. இரண்டாவது, பல நாட்டு மீன்கள் நெருங்கி வாழ்ந்த தொட்டியின் ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் அதனோடு ஏரிக்குச் செல்லும். மூன்றாவது, இன்று சாம்பல் மீனை விட்ட கை, நாளை நீல மீனையும் விடும். எங்கள் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் கடினத்தன்மை உடையது. மலாவி ஏரி மீன்களுக்கு அத்தகைய நீர் உகந்தது. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிக்கு வந்து, வளர்ந்து பெருத்தபின் வெளியே விடப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி தமிழகத்து நீர்நிலைகளில் வலைகளைச் சிதைத்து மீனவரை வருத்துவதை நாம் கண்டுகொண்டுதானே இருக்கின்றோம்?

மாணவர் தம் தந்தையாரிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னார். அவரும் ஏற்றுக்கொண்டார். இணை மீன்களுக்குத் தடுப்பு வைத்துத் தனியிடம் செய்தனர். குஞ்சுகளைப் பெருகவிடாமல் அப்போதைக்கப்போது அகற்றினர். நாங்கள் எழுதிய குறிப்பும் எடுத்த படங்களும் அவருடைய பள்ளியின் உயிரியல் ஆசிரியரிடம் சேர்ந்தன.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லங்களிலும் பெயர் தெரியாத மீன் இருக்கக்கூடும். அதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு குறிப்பேடு, எண்ணுவதற்குப் பொறுமை, இவை போதும். வாங்கிய நாளிலிருந்து படம் எடுத்து, தேதியிட்டு வையுங்கள். இன்று மறையும் ஒரு புள்ளி நாளை பெரிய சான்றாகலாம். நாசித்துளையைப் பாருங்கள், பக்கக்கோட்டைப் பாருங்கள், முட்களை எண்ணுங்கள், பிறகு ஒழுக்கத்தைக் கவனியுங்கள். பெயர் துணியப்படாத இடத்தில் 'இன்ன பேரினம், இனம் துணியப்படவில்லை' என்று எழுதிவையுங்கள், அதுவும் அறிவே. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்க்க வல்ல மற்றொருவரிடம் ஒப்படையுங்கள். கிணற்றிலோ, ஓடையிலோ, ஏரியிலோ விடாதீர்கள்.

ஏரி நாம் வெட்டியதன்று. நமக்கு முன்னிருந்தோர் வெட்டிக் கரைகட்டி, நம் கையில் ஒப்படைத்துச் சென்ற பொதுச் சொத்து. அதில் வாழும் அயிரையும் விராலும் குரவையும் அந்தச் சொத்தின் பகுதியே. தொட்டியின் கண்ணாடிச் சுவர் மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே ஒரு மீனைக் கொண்டுபோய் விடும் செயலின் விளைவு பல தலைமுறைகளுக்கு நீளும். அறியாததை அறிந்துகொள்ளுங்கள், அறியும் வரையில் பொறுத்திருங்கள்.